கல்லில் எழுதிய கடல்: அரியலூர் சுரங்கத்தில் ஒரு நாள்

மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கல் ஒன்றும் புதிதல்ல. ராசிங்காபுரத்தில் வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக மேலே போகிறவர்கள் அந்தப் பாறைகளைத் தினமும் இரண்டு முறை கடக்கிறார்கள். அஸ்திவாரத்துக்கும் ஆட்டுரலுக்கும் அதே கல்தான். ஆனால் ஒரு கல்லைக் கையில் எடுத்து, "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று நாங்கள் கேட்டதில்லை.

கேட்க வைத்தவன் எங்கள் மறைக்கல்வி வகுப்புச் சிறுவன் ஒருவன். ஒரு ஞாயிறு அன்று அவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளங்கை அளவு, நத்தை போலச் சுருண்ட கல். அரியலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் அவன் மாமா கொடுத்ததாம். "இது நத்தையா, கல்லா?" என்று கேட்டான். பக்கத்திலிருந்த ஒரு பெண், "எங்க பக்கத்து வீட்டுப் பூசையறையில சாளக்கிராமம்னு இதே மாதிரி வச்சிருக்காங்க" என்றாள். பதில் எங்களிடம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல மனம் வரவில்லை.

அப்படித்தான் சென்ற கோடை விடுமுறையில் பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஒரு வேனில் புறப்பட்டோம். தேனி, திண்டுக்கல், திருச்சி வழியாக 250 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை திருத்தலத்தில் முதலில் செபித்துவிட்டு, மறுநாள் காலை கல்லங்குறிச்சிப் பகுதியில் உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குச் சென்றோம். முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். நிலவியல் படித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். அங்கே கற்றுக்கொண்டதை இந்தப் பக்கத்தின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நம் மலையில் ஏன் இல்லை?

பிள்ளைகளின் முதல் கேள்வியே அதுதான். "சார், எங்க ஊர்லயும் மலை மலையா கல்லு கெடக்கு. அதுல ஏன் இந்த மாதிரி ஒண்ணும் இல்ல?"

ஏலமலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. பூமியின் ஆழத்தில், பல நூறு டிகிரி வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் வெந்து உருவான பாறை அது. அதன் வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அந்தச் சூட்டில் எந்த உயிரின் சுவடும் நிலைத்திருக்காது. பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, சார்னோகைட் என்ற பெயர் நம் வட்டாரத்து டீக்கடைகளிலும் அடிபட்டது நினைவிருக்கலாம். இந்தப் பாறை கெட்டியானது என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் நமக்கு நெருக்கமான ஓர் ஊரும் இருக்கிறது. கல்கத்தாவின் ஆரம்ப வரலாற்றோடு பேசப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், 1893-இல் அந்தக் கல்லுக்கு அவருடைய பெயரையே சூட்டினார். சென்னையில் நாம் திருப்பயணம் போகும் புனித தோமையார் மலையும் பல்லாவரமும் இதே பாறைதான். தோமையார் மலையில் இன்று அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். திருத்தூதரின் நினைவைத் தாங்கும் மலையும் நம் ஏலமலையும் ஒரே வகைக் கல் என்று கேட்டபோது பிள்ளைகளுக்கு ஒரே வியப்பு.

ஆக, வெந்த கல்லில் உயிரின் தடம் இருக்காது. தண்ணீருக்கடியில் சேறாகவும் மணலாகவும் மெல்லப் படிந்து இறுகிய கல்லில்தான் அதைத் தேட வேண்டும். அரியலூர்க் கல் அப்படிப்பட்டது.

கடல் வந்து போன நிலம்

இன்று அரியலூரிலிருந்து கடற்கரைக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போக வேண்டும். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. அப்போது இமயமலை கிடையாது. இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. தென்கண்டங்களிலிருந்து பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நிலம் அது. அதன் கிழக்கு விளிம்பு தாழ்ந்தபோது கடல் உள்ளே புகுந்தது. இன்றைய பெரம்பலூர், அரியலூர், திருச்சி மாவட்டங்களின் பல பகுதிகள் கடலுக்குள் இருந்தன. மேற்கே கெட்டிப் பாறை நிலம் கரையாக நின்றது.

அந்தக் கடல் ஒரே சீராக நிற்கவில்லை. முன்னேறியது, பின்வாங்கியது, ஆழமானது, வற்றியது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மண்ணை விட்டுச் சென்றது. ஆழ்ந்த அமைதியான நீரில் களிமண், அலை புரளும் கரையோரத்தில் மணல், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் சிப்பிகளும் பவளங்களும் குவிந்து சுண்ணாம்புக்கல். இப்படி 11 கோடி ஆண்டுகளிலிருந்து ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகள் வரையிலான வரலாறு, அடுக்கடுக்காக இங்கே கிடக்கிறது. பாட நூல்களில் கிரெட்டேசியஸ் காலம் என்று இதன் பெரும்பகுதியைச் சொல்கிறார்கள்.

இதை உலகம் அறியத் தொடங்கியது 1840-களில். கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் இங்கே சேகரித்த கற்சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846-இல் லண்டனில் விவரித்து வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை நடந்து அளந்து வரைபடமாக்கினார். அதே துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1861 முதல் 1873 வரை வெளிவந்த நான்கு பெரிய தொகுதிகளில் இங்குள்ள உயிரினங்களைப் படம் வரைந்து விளக்கினார். அடுத்த ஆண்டே, 1874-இல், லடாக் பயணத்தில் அவர் இறந்தார். அவருடைய கல்லறை லே நகரில் இருக்கிறது.

அந்த நூல்கள் வந்த பிறகு நம் ஊர்ப் பெயர்கள் உலக நிலவியலில் ஏறின. ஊட்டத்தூர் அடுக்கு, திருச்சிராப்பள்ளி அடுக்கு, அரியலூர் அடுக்கு என்று ஜப்பானிலும் பிரான்சிலும் படிக்கிற மாணவர்கள்கூட இன்றும் சொல்கிறார்கள்.

சுரங்கத்துக்குள்

தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்கினோம். திறந்தவெளிச் சுரங்கம் என்பது கிணறு போன்றதல்ல. மேலே திறந்த பெரிய மைதானத்தைப் படிப்படியாக வெட்டிக்கொண்டே கீழே போவார்கள். ஒவ்வொரு படியும் வீட்டை விட உயரம். வெடி வைத்துத் தகர்த்த கல்லைப் பொக்லைன் அள்ளிப் போட, டிப்பர் லாரிகள் சுமந்து மேலே ஏறுகின்றன. அன்று வெடி வைக்காத பகுதியில், லாரிகள் வராத ஒரு மூலையில் மட்டும் எங்களை அனுமதித்தார்கள். வெட்டிய சுவரின் அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது என்பது முதல் கட்டளை. உதிர்ந்து கிடக்கும் குவியல்களில்தான் தேடலாம், சுவரைத் தொடக்கூடாது என்பது இரண்டாவது.

ஆசிரியர் எங்களை முதலில் தேட விடவில்லை. தூரத்தில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரைப் பார்க்கச் சொன்னார். "என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"கோடு கோடா இருக்கு சார்."

"எந்தக் கோடு பழசு? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

ஒரு சிறுமி யோசித்துச் சொன்னாள்: "வீட்டுல பழைய பேப்பர் அடுக்குனா, அடியில இருக்கறதுதான் பழைய தேதி."

"அவ்வளவுதாம்மா நிலவியல்" என்றார் ஆசிரியர். கீழே இருப்பது முதலில் படிந்தது, மேலே இருப்பது பிறகு படிந்தது. படியும்போது எல்லாம் கிடைமட்டமாகத்தான் படியும். எங்காவது சாய்ந்திருந்தால், படிந்த பிறகு பூமி அசைந்திருக்கிறது என்று பொருள். இந்த எளிய விதிகளை வைத்துக்கொண்டுதான் உலகத்தின் வயதையே படிக்கிறார்கள் என்றார்.

பிறகு குவியல்களுக்குப் போனோம். முதல் பத்து நிமிடம் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் மஞ்சளும் சாம்பலுமான கற்கள். பின்பு கண் பழகியது. அதன்பின் கால் வைக்க இடமில்லை. எங்கள் காலடியில் கிடந்ததெல்லாம் சிப்பி. தடித்து வளைந்த ஓடுள்ள கிரைஃபியா என்ற சிப்பிகள் கூட்டம் கூட்டமாகக் கல்லில் பொதிந்து கிடந்தன. ஒரு குழந்தையின் கை அளவு, சில பெரியவரின் கை அளவு. வலைப்பின்னல் போன்ற பாசி உயிரிகள், விசிறி போன்ற சின்னஞ்சிறு ஓடுகள். ஒருவனுக்கு மேலே பூ வரைந்தது போன்ற ஐந்து இதழ்க் கோலம் கொண்ட உருண்டைக் கல் கிடைத்தது. அது கடல் முள்ளெலியின் ஓடு. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலை புரண்ட ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்.

ஓர் உயிர் எப்படிக் கல்லாகிறது? சிப்பி இறந்ததும் அதன் மெல்லிய உடல் அழுகிப் போகிறது. ஓடு சேற்றில் புதைகிறது. மேலே மேலே சேறு படிந்து அழுத்துகிறது. நிலத்தடி நீரில் கரைந்துள்ள தாதுக்கள் ஓட்டின் நுண்ணிய துளைகளில் மெல்ல நிறைகின்றன. சில வேளை ஓடு கரைந்துபோய், அதன் அச்சு மட்டும் கல்லில் நிற்கிறது. மரமும் இப்படிக் கல்லாகும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. கரையிலிருந்து கடலுக்கு அடித்து வரப்பட்ட மரம் அது. நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைப் பற்றி அறிவித்தார்.

"எங்கே எடுத்தாய்?"

மதியம் வேப்பமர நிழலில் எல்லாரும் கிடைத்ததைப் பரப்பி வைத்தார்கள். அப்போது நம் சிறுவன் தன் பையிலிருந்து அந்தச் சுருண்ட கல்லை எடுத்து ஆசிரியரிடம் நீட்டினான். பயணமே அதற்காகத்தானே!

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நத்தை இல்ல தம்பி. அம்மோனைட். நம்ம கணவாய் மீனோட தூரத்துச் சொந்தம். ஓட்டுக்குள்ள அறை அறையா இருக்கும். இங்க பாரு, தையல் போட்ட மாதிரி கோடு தெரியுதா? அதெல்லாம் அறைச் சுவர்." நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களிலும் அம்மோனைட்டுகள் உண்டு என்றார். இந்த உயிர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களின் பெருங்கூட்டம் மறைந்த அதே காலகட்டத்தில் அழிந்தன என்றும் சொன்னார்.

சிறுவனின் முகம் மலர்ந்தது. அடுத்து ஆசிரியர் கேட்டார்: "இது எங்க கெடச்சது?"

"மாமா குடுத்தாரு."

"மாமா எங்க எடுத்தாரு?"

"லாரி டிரைவர் ஒருத்தர் அவருக்குக் குடுத்தாராம்."

"அவரு எங்க எடுத்தாருன்னு..?"

பதில் இல்லை. ஆசிரியர் கல்லைத் திரும்பக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இந்தச் சுரங்கத்துக் கல்லு மாதிரி இது தெரியல. ஊட்டத்தூர்ப் பக்கமா இருக்கலாம், காரைப் பக்கமா இருக்கலாம். தேஞ்சு போயிருக்கறதால இன்ன இனம்னும் சொல்ல முடியல. கடல்ல வாழ்ந்துச்சுன்னு சொல்லலாம். அதுக்கு மேல இது பேசாது."

அந்த ஒரு வார்த்தை எங்களைத் தைத்தது. பல கோடி ஆண்டுகள் தன் வரலாற்றைக் காத்து வைத்திருந்த ஒரு கல், மனிதர் கைகள் மூன்று மாறியதும் ஊமையாகிவிட்டது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கிடந்த இடம்தான் தொலைந்துவிட்டது.

புதைபடிவத்தின் பாதி மதிப்பு அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. எந்த ஊர், எந்த அடுக்கு, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்பது தெரிந்தால்தான், அந்த உயிர் எப்போது வாழ்ந்தது, யாரோடு வாழ்ந்தது, கடல் எவ்வளவு ஆழமாக இருந்தது என்று சொல்ல முடியும். ஸ்டோலிச்காவின் தொகுதிகள் ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் பயன்படுவதற்குக் காரணமும் இதுதான். ஒவ்வொரு சிப்பிக்கும் அது கிடைத்த ஊர்ப் பெயரை அவர் எழுதி வைத்தார்.

ஓர் ஆயரின் கண்டுபிடிப்பு

மதிய உணவுக்குப் பிறகு ஆசிரியர் தன் பையிலிருந்து ஒரு சிறு பல்லைக் காட்டினார். காரை பகுதிக் களிமண்ணில் கிடைத்த சுறாப் பல். அதைப் பார்த்ததும் எங்களோடு வந்த அருள்சகோதரி ஒருவர் ஒரு வரலாற்றைச் சொன்னார்.

மால்டா தீவில் இத்தகைய கல் பற்கள் ஏராளம். புனித பவுல் கப்பல் உடைந்து அந்தத் தீவில் ஒதுங்கியதும், விரியன் பாம்பு அவர் கையைக் கவ்வியதும் திருத்தூதர் பணிகள் நூலின் 28-ஆம் அதிகாரத்தில் உள்ள நிகழ்ச்சி. பவுல் அந்தப் பாம்புகளைச் சபித்ததால் அவற்றின் நாக்குகள் கல்லாயின என்று மக்கள் பின்னாளில் நம்பினார்கள். நாக்குக்கல் என்று பெயரிட்டு, நஞ்சுக்கு மருந்தென்று கழுத்தில் கட்டிக்கொண்டார்கள்.

1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே மீனவர்கள் ஒரு பெரிய சுறாவைப் பிடித்தார்கள். அதன் தலை புளோரன்சுக்கு அனுப்பப்பட்டது. அதை அறுத்து ஆராய்ந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூற்று அறிஞர் நீல்ஸ் ஸ்டென்சன். ஸ்டீனோ என்று உலகம் அவரை அறியும். சுறாவின் பல்லும் நாக்குக்கல்லும் ஒன்றே என்று அவர் கண்டார். அப்படியானால் கடலில் வாழ்ந்த மீனின் பல் மலைப் பாறைக்குள் எப்படி வந்தது? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து, 1669-இல் ஒரு சிறு நூல் எழுதினார். கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு புதியது, எல்லா அடுக்கும் முதலில் கிடைமட்டமாகவே படியும் என்று காலையில் அந்தச் சிறுமி பழைய பேப்பரை வைத்துச் சொன்னதை முதன்முதல் விதியாக எழுதியவர் அவர்தான்.

லூத்தரன் சபையில் பிறந்த ஸ்டீனோ, 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1675-இல் குருவானார். 1677-இல் ஆயரானார். வட ஜெர்மனியில் ஏழ்மையில் வாழ்ந்து பணியாற்றி 1686-இல் மறைந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988 அக்டோபர் 23 அன்று அவரை அருளாளராக உயர்த்தினார்.

இதைக் கேட்டதும் பெரிய பிள்ளை ஒருத்தி, எல்லாருடைய மனதிலும் இருந்ததைக் கேட்டுவிட்டாள். "அப்ப ஆறு நாள்ல உலகம் படைச்சதுன்னு பைபிள்ல இருக்கே சிஸ்டர்?"

அருள்சகோதரி தயங்கவில்லை. தொடக்க நூல் நிலவியல் பாடம் நடத்த எழுதப்பட்டதல்ல. படைப்பு யாருடையது, எதற்காக என்பதை அது சொல்கிறது. எப்படி, எத்தனை காலத்தில் என்பதைக் கல்லும் எலும்பும் சொல்கின்றன. 1996 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய செய்தியில், பரிணாமக் கொள்கையை வெறும் கருதுகோள் என்று தள்ளிவிட முடியாது என ஏற்றுக்கொண்டார். உண்மையைக் கண்டு நம்பிக்கை பயப்படத் தேவையில்லை என்றார் சகோதரி.

பவுலின் பெயரைச் சொல்லி வழங்கிய கதையை, திருச்சபையில் ஆயரான ஒருவரே ஆராய்ந்து திருத்தினார். அதனால் பவுலுக்கு ஒரு குறையும் வரவில்லை.

சூளைக்குப் போகும் கடல்

மாலையில் கிளம்பும்போது, நாங்கள் தேடிய குவியலுக்குப் பக்கத்துக் குவியலைப் பொக்லைன் அள்ளத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் பதறினார்கள். "சார், அதுலயும் சிப்பி இருக்கும்ல?"

இருக்கும். அந்தச் சிப்பிகளுக்காகத்தான் சுரங்கமே. சுண்ணாம்புக்கல் என்பதே பெரும்பாலும் இறந்த கடலுயிர்களின் ஓடுதான். நம் பாட்டிமார் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பும், பழைய கோயில்களையும் வீடுகளையும் கட்டிய சுண்ணாம்பும் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தவை. சிமெண்டும் அதே வழிதான். சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து, களிமண் சேர்த்து, 1450 டிகிரி வெப்பத்தில் சுழலும் சூளையில் சுட்டால் கிளிங்கர் என்ற கட்டி கிடைக்கும். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். சிப்பிகள் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எடுத்துத் தங்கள் ஓட்டில் பூட்டி வைத்தது இன்று காற்றில் கலக்கிறது.

சுரங்கக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நகர முடியாது. நம் வீடுகள், பள்ளிகள், ஆலயங்கள் எல்லாம் சிமெண்டுதான். விளைநிலத்தைக் கொடுத்தவர்கள் அங்குள்ள விவசாயிகள். லாரித் தூசியைச் சுவாசிக்கிறவர்கள் அங்குள்ள குழந்தைகள். கைவிடப்பட்ட பள்ளங்களில் மழைநீர் நிறைந்து ஆழம் தெரியாமல் நிற்கிறது. மலையடிவாரத்தில் நாம் வாங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இப்படி ஒரு விலை எங்கோ ஒருவரால் கொடுக்கப்படுகிறது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுரங்கம் வெட்டாமல் இருந்திருந்தால் இந்தச் சிப்பிகளை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். திறந்து காட்டுவதும் சுரங்கம்தான், அழிப்பதும் சுரங்கம்தான். வெட்டுவதற்கும் சூளைக்குப் போவதற்கும் நடுவே உள்ள சில நாட்கள்தான் பார்க்கவும் குறித்து வைக்கவும் கிடைக்கிற காலம்.

சுரங்கம் இல்லாத இடத்திலும் இழப்பு உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் மிகப் பெரிய டைனோசரின் எலும்புகளைக் கண்டார்கள். 1980-களில் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பிருகத்காயம் என்றால் பெருத்த உடல். அதன் கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் அது ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் எடுத்துப் பார்க்க அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையிலும் ஈரத்திலும் அவை உதிர்ந்து போயின. எஞ்சியவை எழுத்தும் சில படங்களும்தான். எழுதி வைத்ததால் அந்த அளவாவது மிஞ்சியது.

ஆர்வம் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தில் உருண்டை உருண்டையான கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, கூட்டம் திரண்டது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றிச் சேறு இறுகி உருவான கல்லுருண்டைகள் என்று விளக்கினார்கள். பொய்ச் செய்தியை நம்பி ஓடுகிறவர்கள், கையில் கிடைத்த உண்மையான பொருளைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

எடுப்பதற்கு முன் எழுதுவோம்

பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் நாங்கள் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

அனுமதி இல்லாமல் எந்தச் சுரங்கத்திலும் நுழையக் கூடாது. வெட்டிய சுவரின் அடியில் நிற்கக் கூடாது. நீர் நிறைந்த பழைய பள்ளங்கள் பக்கம் போகவே கூடாது. சாத்தனூர் கல்மரம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

அனுமதி கிடைத்த இடத்தில் ஒன்றை எடுக்குமுன், கிடந்தபடியே படம் பிடியுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வையுங்கள். ஊர், இடம், எந்த அடுக்கு, குவியலா சுவரா, தேதி, எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கல்லோடு சேர்த்தே செய்தித்தாளில் சுற்றுங்கள். ஒருவருக்கு ஒன்றிரண்டு போதும். பல், எலும்பு, முழுமையான முள்ளெலி போன்று அரிதாகத் தெரிவதை வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோகாமல் அறிந்தவர்களிடம் காட்டுங்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இத்தகைய இடங்களைப் பாதுகாக்க மத்திய சுரங்கத் துறை 2022 டிசம்பரில் ஒரு சட்ட வரைவையும் வெளியிட்டது. சட்டத்தால் மட்டும் இது நடந்துவிடாது. கண்ணும் கவனமும் உள்ள மனிதர்களும் வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் அந்த ஐந்து இதழ் முள்ளெலியை ஆசிரியரிடமே விட்டுவிட்டு வந்தார்கள். கிரைஃபியா சிப்பிகள் நான்கு மட்டும் எங்களோடு வந்தன. மறைக்கல்வி அறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், ஒவ்வொன்றும் தன் சீட்டோடு இருக்கிறது. ஐந்தாவதாகச் சிறுவனின் அம்மோனைட்டும் அதே டப்பாவில் இருக்கிறது. அதற்கும் அவன் ஒரு சீட்டு எழுதியிருக்கிறான். "மாமா கொடுத்தது. எங்கே எடுத்தது என்று தெரியாது" என்று.

தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்த அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு நினைவு வருகிறது. நம் வீடுகளிலும் எத்தனை முதியவர்கள் இருக்கிறார்கள்! இந்த மலைக்கு யார் முதலில் வேலைக்கு வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், முதல் ஆலயத்தை எப்படிக் கட்டினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நாம் கேட்டு எழுதி வைக்கவில்லை. கேட்கும் காலம் இன்னும் சில நாட்கள்தான் இருக்கலாம்.

அடுத்த முறை ஒரு கல்லைக் கையில் எடுக்கும்போதும், ஒரு பெரியவரின் அருகில் அமரும்போதும், "எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்போம். பதிலை அன்றே எழுதி வைப்போம்.